சினிமாவில் பார்த்த தி.நகர்

எங்கள் கல்லங்குறிச்சியில் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால் முதல் பத்திரிகை கலியுக வரதராசப் பெருமாளுக்கு. அடுத்த வேலை தி.நகருக்குப் பயணம். அரியலூரில் காலையில் பல்லவனைப் பிடித்தால் மதியவாக்கில் மாம்பலம். ஸ்டேஷன் படியை விட்டு இறங்கினால் ரங்கநாதன் தெரு. யாரிடமும் வழி கேட்க வேண்டாம், கூட்டமே இழுத்துக்கொண்டு போய்விடும். திருச்சியில் கிடைக்காத புடவையா என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டு அவர்களே பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார்கள்.

அந்தத் தெருவைப் போய்ப் பார்க்காத பெண்கள்கூட சினிமாவில் பார்த்திருப்பார்கள். 2010 மார்ச்சில் வந்த ‘அங்காடித் தெரு’வைத்தான் சொல்கிறேன். டி.வி.யில் எத்தனையோ தடவை போட்டாயிற்று. போன மாசமும் போட்டார்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து பார்த்தோம். “அந்த மாம்பழக் கலர் புடவை எந்தக் கடையில இருக்கும்?” என்று ஓரகத்தி கேட்டாள். எதிர்வீட்டு அண்ணி மட்டும் வாயே திறக்கவில்லை. அவள் ஏன் பேசவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்தத் தடவை சமையல் குறிப்பும் கோலமும் கொஞ்சம் தள்ளி நிற்கட்டும். ஊர்த் தெருவிலேயே எடுத்த சினிமாக்களைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். நம் கால்களைப் பற்றியும்தான். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

தி.நகர் என்பது தியாகராய நகர் என்று நமக்குத் தெரியும். நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரில் 1920-களில் உருவான ஊர் அது. அதற்கு முன்னால் அங்கே இருந்தது பெரிய ஏரி. ஏரியை மேடாக்கித் தெரு போட்டார்கள். பனகல் பார்க், உஸ்மான் ரோடு, ஜி.என். செட்டி ரோடு, நாயர் ரோடு எல்லாமே அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களின் பெயர்கள்தான். ஜவுளிக்கும் நகைக்கும் பேர் வாங்கியது அப்புறம். பக்கத்தில் கோடம்பாக்கமும் வடபழனியும் இருந்ததால் சினிமாக்காரர்கள் தி.நகரிலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். எம்.ஜி.ஆர். வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக ஆற்காடு தெருவில் இருக்கிறது. சிவாஜியின் அன்னை இல்லம் இருப்பதும் அங்கேதான். கலைவாணர் என்.எஸ்.கே.க்குச் சிலை வைத்ததும் அங்கேதான். 1969 பொங்கல் சமயத்தில் அறிஞர் அண்ணா உடம்பு முடியாத நிலையிலும் வந்து திறந்துவைத்தார்.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். சினிமாக்காரர்கள் இத்தனை பேர் குடியிருந்தும் தி.நகர்த் தெரு வெகுகாலம் சினிமாவில் வரவில்லை. தெரு வேண்டுமென்றால் ஸ்டூடியோவுக்குள் அட்டையிலும் பலகையிலும் தெரு போட்டுவிடுவார்கள். வாகினி, ஏவி.எம். என்று பெரிய பெரிய ஸ்டூடியோக்கள் இருந்த காலம். அந்தத் தெருவில் சாக்கடை கிடையாது, குழாயடிச் சண்டை கிடையாது. கதாநாயகி வாசல் தெளிக்கும்போதுகூட நெற்றிப் பொட்டு கலையாது. எப்போதாவது காமிரா வெளியே வந்தால் நமக்கெல்லாம் கொண்டாட்டம்தான். 1967-ல் ‘அனுபவி ராஜா அனுபவி’யில் நாகேஷ் கிராமத்தான் வேஷத்தில் மதராஸ் வீதிகளில் முழித்துக்கொண்டு திரிவாரே, அது ஒன்றுக்காகவே எங்கள் அம்மா அந்தப் படத்தை மூன்று தடவை பார்த்தாளாம். பட்டணத்துக்குப் போகாமலே பட்டணம் பார்த்த திருப்தி.

1977-ல் பாரதிராஜா ‘16 வயதினிலே’ எடுத்த பிறகுதான் நிஜமான ஊர், நிஜமான தெரு என்ற பேச்சே வந்தது. அது கிராமம். பட்டணத்துக் குடிசைப் பக்கத்தை அப்படியே காட்டிய படம் 1979-ல் துரை எடுத்த ‘பசி’. அதில் குப்பை பொறுக்கும் பெண்ணாக வந்த ஷோபாவுக்கு அகில இந்திய அளவில் சிறந்த நடிகை விருது கிடைத்தது. சாயம் போன பாவாடை தாவணி, எண்ணெய் காணாத தலை. பட்டணத்து வெளிச்சத்தை மட்டும் பார்த்திருந்தவர்களுக்கு அந்தப் படம் தூக்கத்தைக் கெடுத்தது.

வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ அந்த வரிசையில் வந்ததுதான். ஜெயமோகன் வசனம், மகேஷ், அஞ்சலி நடிப்பு. கடையின் பெயர் ‘செந்தில் முருகன் ஸ்டோர்ஸ்’, கற்பனைக் கடை. ஆனால் தெரு கற்பனையில்லை. ரங்கநாதன் தெருவிலேயே காமிராவைக் கொண்டுபோய் வைத்து எடுத்தார்கள். நடிகர்களை இடித்துக்கொண்டு போகிற கூட்டம் நிஜமாகவே சாமான் வாங்க வந்த கூட்டம். அதில் நம்மைப் போல எத்தனை பேர் இருந்தார்களோ! படம் எடுக்கிறார்கள் என்றே தெரியாமல், பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

கதை உங்களுக்குத் தெரியும். ஜோதிலிங்கம் என்ற பையன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியவன். அப்பா விபத்தில் போய்விடுகிறார். தங்கைகள் இருக்கிறார்கள். கடைக்கு ஆள் எடுக்க வருகிறார்கள். அங்கே ஒரு விஷயம் வருகிறது, கவனித்தீர்களா? அப்பா இல்லாத பிள்ளையாக, அக்கா தங்கச்சி உள்ள பிள்ளையாகப் பார்த்து எடுக்கிறார்கள். அவன்தான் எதிர்த்துப் பேசாமல் வேலை செய்வானாம். எங்கள் கூடத்தில் எதிர்வீட்டு அண்ணி வாயடைத்துப்போனது அந்த இடத்தில்தான். அவளுக்கு வீட்டுக்காரர் இல்லை. மூத்த பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சின்னவள் எட்டாவது படிக்கிறாள். சென்னையில் ஒரு ஜவுளிக் கடைக்கு மூத்தவளை அனுப்பச் சொல்லி ஒருத்தர் வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தார். தங்க இடம், சாப்பாடு, மாசம் பிறந்தால் சம்பளம். கையில் கொஞ்சம் அட்வான்சும் தருகிறேன் என்றாராம்.

படத்தில் அந்தப் பையன்களும் பெண்களும் காலையிலிருந்து ராத்திரி கடை சாத்தும்வரை நின்றுகொண்டே இருக்கிறார்கள். தாமதமாக வந்தால் சம்பளத்தில் பிடித்தம். சாப்பாட்டுக் கூடத்தில் தள்ளுமுள்ளு. படுக்க ஒரு பெரிய ஹால், பாயும் போர்வையுமாய் ஆள்மேல் ஆள். பெண்பிள்ளைகளிடம் சூபர்வைசர் நடந்துகொள்கிற விதம் பார்க்கவே வயிறு எரியும். கனியாக வந்த அஞ்சலிக்கு அந்த வருஷத்து ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. கனியின் தங்கை ஒரு வீட்டில் வேலைக்கு நிற்கும்போது வயசுக்கு வந்துவிடுகிறாள். அம்மா இல்லாத இடத்தில் அக்காதான் அவளுக்கு எல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டத்தில் எங்கள் கூடத்தில் அழாதவர் இல்லை. கடைசியில் தெருவோரம் படுத்திருக்கும்போது நடக்கும் விபத்தில் கனி கால்களையே இழக்கிறாள்.

சினிமா கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும், எல்லாக் கடையும் அப்படியில்லை என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நியாயம்தான். நல்ல முதலாளிகள் இருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்தே போய் நாலு வருஷம் வேலை செய்து நகை சேர்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்ட பெண்களும் உண்டு. ஆனால் ஒன்று. செட் போட்ட கடையாக இருந்தால் “சினிமாதானே” என்று எழுந்து போயிருப்போம். நாம் புடவை வாங்கிய அதே தெரு, நாம் ஜூஸ் குடித்த அதே முனை என்று பார்த்தபோது, “அட, அன்றைக்கு எனக்கு நாற்பது புடவை எடுத்துப் போட்டாளே ஒரு பெண், அவள் எங்கே படுத்திருப்பாள்?” என்ற நினைப்பு வந்துவிடுகிறது. தெருவில் எடுத்த படத்துக்கு உள்ள பலம் அது. நான் நாற்பது புடவை என்று சும்மா சொல்லவில்லை. என் தங்கை கல்யாணத்துக்கு அவ்வளவு புடவையையும் பிரித்துப் பார்த்துவிட்டு இரண்டு எடுத்தோம்.

மறுநாள் அண்ணி வந்தாள். “அனுப்பட்டுமா வேண்டாமா, நீயே சொல்லு” என்றாள். நான் சொல்ல யார்? வீட்டு நிலைமை அவளுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று சொல்வது சுலபம், அரிசி வாங்கிக் கொடுக்கப் போவது நானில்லை. ஆனால் கேட்காமல் அனுப்பக்கூடாது என்று மட்டும் சொன்னேன். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினோம். வேலை எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு? வாரத்தில் எந்த நாள் லீவு? சம்பளம் பெண்ணின் பேரில் பாங்கில் விழுமா, இல்லை வந்து அழைத்துப் போகிறவர் கையிலா? இ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிப்பார்களா? இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் வைத்தியச் செலவு மிச்சம். உடம்பு முடியாமல் லீவு போட்டாலும் விதிப்படி கொஞ்சம் பணம் வரும். பிடித்தம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள்.

அட்வான்சை வாங்கவே கூடாது என்றேன். வாங்கிவிட்டால் பெண்ணுக்குப் பிடிக்காதபோது திரும்பி வர வழியில்லாமல் போகும். மார்க் ஷீட் அசலைக் கொடுக்கக்கூடாது, நகல்தான். விடுதிக்கு லைசென்ஸ் உண்டா என்று தைரியமாகக் கேட்கலாம். பெண்கள் விடுதி நடத்த லைசென்ஸ் வேண்டும் என்று 2014-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வார்டன் பெண்தானா? ராத்திரி அம்மாவோடு போனில் பேச விடுவார்களா? பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் என்றால், பெண்கள் கஷ்டத்தைச் சொல்ல ஒரு கமிட்டி இருந்தே ஆகவேண்டும் என்பது 2013-லிருந்து சட்டம். அதன் தலைவி பெண்ணாகத்தான் இருக்கவேண்டும். எதற்கும் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை மனப்பாடம் பண்ணிக்கொள்ளச் சொன்னேன்.

“இதெல்லாம் கேட்டா வேணாம்னு போயிட மாட்டாங்களா?” என்றாள். போனால் போகட்டும், கேட்டதற்கே கோபப்படுகிற இடம் எப்படிப்பட்ட இடமாக இருக்கும்?

நோட்டில் கடைசியாக எழுதியது: உட்கார ஸ்டூல் உண்டா? அதைக் கேட்டதும் அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வேலைக்குப் போற பொண்ணுக்கு நாற்காலி கேக்குறதா?” ஆமாம், கேட்கத்தான் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

இதயத்திலிருந்து காலுக்கு இறங்குகிற ரத்தம் மேலே திரும்பி ஏறவேண்டும் அல்லவா? மேலே ஏற்றிவிடுவது கெண்டைக்கால் தசைதான். நடக்கும்போது அது சுருங்கி விரிந்து, கைப்பம்பு அடிப்பதுபோல ரத்தத்தைத் தள்ளும். ரத்தக்குழாய்க்குள் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன. மேலே போகவிடும், கீழே இறங்கவிடாது. அசையாமல் நின்றுகொண்டே இருந்தால் பம்பு வேலை செய்யாது, ரத்தம் காலிலேயே தேங்கும். தேங்கித் தேங்கிக் குழாய் விரிந்து கதவு சரியாக மூடாமல் போய்விடும். பச்சையும் நீலமுமாய்ப் புழு நெளிகிற மாதிரி முழங்காலுக்குக் கீழே புடைத்துக்கொண்டு நிற்கும். ஊரில் “நரம்பு சுருட்டிக்கிச்சு” என்போம். அது நரம்பில்லை, ரத்தக்குழாய். டாக்டர்கள் வெரிகோஸ் வெயின் என்பார்கள். கர்ப்பகாலத்தில் இது இன்னும் அதிகமாகும். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரலாம்.

நிற்பதோடு இன்னொரு கொடுமை, ஒன்றுக்குப் போக நேரமில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பது. கடையில் வேலை செய்த பெண்கள் பலரும் இதைச் சொல்வார்கள். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு, காய்ச்சல், முதுகுவலி என்று வந்து நிற்கும். மாதவிலக்கு நாட்களில் துணி மாற்ற இடம் இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். வெட்கப்பட்டால் உடம்புதான் கெடும்.

எங்கள் ஊர்ப் பெருமாளுக்கு உருவம் கிடையாது, தெரியுமோ? கல்கம்பம்தான் மூலவர். ஓயாமல் நின்றபடி எங்களுக்கெல்லாம் அருள் பாலிக்கிறார். அவர் நிற்கலாம். பதினெட்டு வயசுப் பெண் நிற்க முடியுமா?

இந்த நாற்காலிப் பிரச்னையை முதலில் பெரிசாக்கியது நம் பக்கத்து மாநிலத்துப் பெண்கள். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒன்று உண்டு. அந்த ஊர் ரங்கநாதன் தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தையல் வேலை செய்துகொண்டிருந்த விஜி என்ற பெண்மணி, கடையில் நிற்கும் பெண்களை ஒன்றுசேர்த்தார். கழிப்பறை வேண்டும், உட்கார இடம் வேண்டும், இவ்வளவுதான் கேட்டார்கள். வருஷக்கணக்கில் போராடி 2018-ல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டசபையில் மசோதா வந்தது. கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947-லிருந்து இருக்கிறது. அதில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலை நேரத்தில் சமயம் கிடைக்கும்போது உட்கார்ந்துகொள்ள எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி செய்து கொடுக்கவேண்டும் என்கிறது அது. ‘அங்காடித் தெரு’ வந்து பதினொரு வருஷம் கழித்து! படத்தைப் பார்த்துத்தான் சட்டம் வந்தது என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் நம் கண்ணில் அந்தக் கால்கள் படும்படி செய்ததில் படத்துக்கும் ஒரு பங்கு இருக்கத்தான் வேண்டும்.

கடைப் பெண்களைச் சொல்லிக்கொண்டே நம்மை மறந்துவிடக்கூடாது. நம் அம்மா காலத்தில் அரிவாள்மணை, அம்மி, ஆட்டுக்கல், தரை அடுப்பு என்று எல்லாம் உட்கார்ந்து செய்த வேலை. மேடை அடுப்பு வந்தது, மிக்ஸி வந்தது, நாமும் நின்றுவிட்டோம். காலை அஞ்சு மணிக்கு நின்றவள் பதினோரு மணிக்குத்தான் உட்காருகிறாள். சமையலறையில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். காய் நறுக்குவது, கீரை ஆய்வது, சப்பாத்தி மாவு பிசைவது எல்லாம் உட்கார்ந்தே ஆகட்டும். தோசை வார்க்க நிற்கத்தான் வேண்டுமென்றால் காலடியில் ஒரு சின்னப் பலகை போட்டு, மாற்றி மாற்றி ஒரு காலை அதன்மேல் வையுங்கள். அடுப்பில் ஒன்று வேகும்வரை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், ஒரு இருபது தடவை. கெண்டைக்கால் பம்பு வேலை செய்யும். யாராவது பார்த்தால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ராத்திரி படுக்கும்முன் கால்மணி நேரம் தலையணை இரண்டை அடுக்கி, கால் நெஞ்சைவிட உயர இருக்கும்படி நீட்டிப் படுங்கள். காலுக்கு இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போடச் சொல்வார்கள். அதை டாக்டரைக் கேட்டுச் சரியான அளவில்தான் வாங்கவேண்டும், நாமாகப் போட்டுக்கொள்ளக்கூடாது.

ஒன்று மட்டும் அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் எண்ணெய் போட்டு உருவிவிடக் கூடாது. உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி போகவேண்டும். கூடவே மூச்சுவாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். கணுக்கால் பக்கம் தோல் கறுத்து அரித்து, ஆறாத புண் வந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். புடைத்த குழாய் உடைந்து ரத்தம் வந்தால் பயந்து ஓடாமல், படுத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் ஆஸ்பத்திரி.

சரி, சினிமாவுக்கு வருவோம். சென்னைத் தெருக்களைக் காட்டிய படங்களில் குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க நான் சொல்வது 2015-ல் வந்த ‘காக்கா முட்டை’. மணிகண்டன் எடுத்தது. குடிசைப் பகுதியில் வளரும் அண்ணன் தம்பி, ரயில் பாதையோரம் விழுந்த கரி பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள், பீட்ஸா வாங்கித் தின்ன. கேட்ட காசு இல்லாத குறைக்குப் பாட்டி தோசைக்கல்லில் மாவு ஊற்றி, மேலே வெங்காயம் தக்காளி தூவி “இதாண்டா பீட்ஸா” என்று கொடுப்பாளே! படம் பார்த்த வாரம் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் அந்தத் தோசைதான். அந்த இரண்டு பையன்களுக்கும் தேசிய விருது கிடைத்தது, படத்துக்கும் சிறந்த குழந்தைகள் படம் என்ற விருது. அம்மாவாக ஐஸ்வர்யா ராஜேஷ். வீட்டுக்காரன் ஜெயிலில், ரெண்டு பிள்ளைகள், ஒரே அறை. அந்த அறைக்குள் அவள் சமைத்து, படுத்து, பிள்ளைகளை அடித்து அணைத்து வாழ்கிற வாழ்க்கையைப் பாருங்கள்.

பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ 2014-ல் வந்தது, வியாசர்பாடிக் குடியிருப்புக் கதை. ஒரு சுவருக்காக இரண்டு கூட்டம் வெட்டிக்கொள்ளும். அடிதடி அதிகம், சின்னக் குழந்தைகளுக்கு வேண்டாம். ஆனால் அதில் வருகிற மேரி என்ற பெண்ணை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த மாடிப்படிகள், வாசலில் நிற்கும் தண்ணீர்க் குடங்கள், காயப்போட்ட துணிகள் எல்லாம் நம் பெரியம்மா வீட்டுக்குப் போனமாதிரி இருக்கும். வடசென்னை என்றாலே ரவுடி என்று காட்டிக்கொண்டிருந்த காலத்தில், அங்கேயும் படிக்கிற பிள்ளைகளும் புத்தகம் வாசிக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்று காட்டியது அது.

இந்த வருஷம் தி.நகருக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை 2023 மே மாதம் ஒரு ஆகாய நடைபாதை திறந்திருக்கிறார்கள். அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம், லிஃப்டும் உண்டு. வயசானவர்களையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு போகிறவர்கள் கூட்டத்தில் நசுங்காமல் மேலேயே போய்விடலாம். பாண்டி பஜாரில் 2019-லிருந்து அகலமான நடைபாதை இருக்கிறது, ஆங்காங்கே உட்கார இடமும் இருக்கிறது. கடைக்குள் போனால் எந்தக் கலர், எவ்வளவு விலைக்குள் என்று முன்கூட்டியே வீட்டில் பேசி முடிவு பண்ணிக்கொண்டு போங்கள். எடுத்துப் போடுகிற பெண்ணுக்கு வேலை குறையும், நமக்கும் நேரம் மிச்சம். அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது நாம் போய் நின்றால், “உட்கார்ந்தே காட்டும்மா” என்று சொல்ல நமக்கென்ன செலவு? சூபர்வைசர் முறைத்தால் நாம்தான் சொன்னோம் என்று சொல்லலாம். வாடிக்கைக்காரர் சொன்னால் அவர் வாய் மூடிக்கொள்வார்.

எதிர்வீட்டுப் பெண் போயிருக்கிறாள். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அண்ணியும் கூடவே போய், முதலில் கேட்ட கடை வேண்டாமென்று விட்டுவிட்டு, வேறொரு கடையில் விடுதியையும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தாள். அட்வான்ஸ் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் வரும். போன வாரம் நானும் பேசினேன். “ஸ்டூல் இருக்கா பாப்பா?” என்று கேட்டேன். “இருக்கு சித்தி. ஆறு பேருக்கு ரெண்டு. முறை வச்சு உக்காருறோம்” என்றாள். தீபாவளி சமயத்தில் அதையும் எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறதாம். பிரிவு 22-ஏ என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். குதிகாலைத் தூக்கி இறக்குவதையும் சொல்லிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்த பெண்களும் சேர்ந்து செய்து பார்த்தார்கள்போல, போனில் ஒரே சிரிப்புச் சத்தம்.